சேலத்தில் சர்வதேச சூப்பர்கிராஸ் நடத்தக் கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் பந்தயத்துக்கு வந்த பைக் 38. வந்த மண் 271 லோடு. கொடுத்த மனுக்கள், நகல்களைச் சேர்க்காமல், 23. இந்த மூன்று எண்ணையும் யாராவது முன்னாலேயே காதில் போட்டிருந்தால், மூன்று ஊர், ஐந்து நாடு என்று வாயைத் திறந்திருக்க மாட்டேன். கடைசியில் நடந்தது ஒரே ஊரில், ஒரே நாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இலங்கை ரைடர்கள் மூன்று பேர். அதற்கே 14 மாதம் ஆயிற்று.

நான் செவ்வாய்ப்பேட்டையில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன். கூட இருந்த இருவரில் ஒருவர் டிப்பர் லாரி ஓட்டுகிறார், இன்னொருவர் உடற்கல்வி ஆசிரியர். எங்களுக்குத் தெரியாதவற்றின் பட்டியல் நீளமானது. அதில் நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எங்கள் பில்லில் இருந்தவை. உங்களுக்கு ஏறும், இறங்கும்.

முதலில் ஒன்று. மோட்டோகிராஸ் காட்டிலும் மேட்டிலும் இருக்கிற நிலத்தை அப்படியே ஓட்டுவது. சூப்பர்கிராஸ் சமதளத்தில் மண்ணைக் கொட்டி மேடு, பள்ளம், வளைவு எல்லாவற்றையும் நாமே கட்டி, பார்க்கிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு ஓட்டத்தையும் பார்க்கும்படி நடத்துவது. இந்தக் 'கட்டுவது' என்ற சொல்லில்தான் செலவு முழுவதும் ஒளிந்திருக்கிறது.

1. பேனர் அடிக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள்

'சர்வதேச சூப்பர்கிராஸ் சாம்பியன்ஷிப், சேலம்' என்று 40 ஃபிளெக்ஸ் அடித்தோம். ஒன்றைக்கூடக் கட்டவில்லை. அந்தப் பெயரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது.

மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு உலக அளவில் பொறுப்பு எஃப்.ஐ.எம். என்ற சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம். தலைமையகம் சுவிட்சர்லாந்தில் மீஸ் என்ற ஊரில். உலக சூப்பர்கிராஸ் சாம்பியன்ஷிப் 2022-இல் கார்டிஃபில் தொடங்கியபோதும், நடத்திய ஆஸ்திரேலிய நிறுவனம் எஃப்.ஐ.எம். கொடுத்த உரிமையோடுதான் வந்தது. ஆசியாவுக்கு எஃப்.ஐ.எம். ஏசியா தனியாக உண்டு. இந்தியாவில் இவர்களோடு பேசும் தகுதி ஒரே அமைப்புக்குத்தான்: 1971-இல் தொடங்கிய எஃப்.எம்.எஸ்.சி.ஐ., அதாவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் ஃபெடரேஷன். தேசிய சூப்பர்கிராஸ் பட்டமும் அவர்கள் கையில்தான். 2024-இல் புனே, அகமதாபாத், பெங்களூரு என்று வெளிநாட்டு ரைடர்களை வைத்து நடந்த லீக்கும் இந்த வாசல் வழியாகத்தான் போனது.

ஆகவே படிப்படியாக ஏறுங்கள். முதலில் கிளப் அளவில் ஒரு பந்தயம். அடுத்து, வெளிநாட்டவர் கலந்துகொள்ள அனுமதி வாங்கிய தேசிய அளவிலான ஒற்றைப் பந்தயம். அது சுத்தமாக முடிந்தால், எஃப்.ஐ.எம். காலண்டரில் ஏறும் சர்வதேசப் பந்தயம். தொடர், சாம்பியன்ஷிப், புள்ளிப் பட்டியல் எல்லாம் அதற்கு மேலே. நாங்கள் இரண்டாம் படியில் நிற்கிறோம்.

'அனுமதியெல்லாம் எதற்கு, ரைடரை நேராகக் கூப்பிடலாமே' என்று சொல்ல ஒருவர் கண்டிப்பாக வருவார். அங்கீகாரம் இல்லாத பந்தயத்தில் ஓட்டினால் ரைடரின் சொந்த நாட்டு லைசென்ஸுக்கே ஆபத்து. அதனால் நல்ல ரைடர் முதல் கேள்வியாகவே பெர்மிட் நகலைக் கேட்பார். கேட்காமல் வருகிறவரை நீங்கள் எடுக்காதீர்கள்.

2. கிளப், கம்பெனி, காலண்டர்

சங்கமாகப் பதிய வேண்டுமானால் குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஆனால் சங்கத்தின் லாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. டிக்கெட், ஸ்பான்சர் என்று பணம் புழங்கும் என்றால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியே நல்லது. நாங்கள் அவசரத்தில் இரண்டையும் தொடங்கி, ஸ்பான்சர் பணத்தைச் சங்கத்தின் கணக்கில் வாங்கி, ஜி.எஸ்.டி. பில்லைக் கம்பெனி பெயரில் போட்டோம். ஆடிட்டர் பேசியதை இங்கே எழுத முடியாது.

புதுக் கிளப்பைப் பதிந்து, உறுப்பினராகி, பந்தயம் நடத்தும் தகுதி பெறக் காத்திருப்பதைவிட, ஏற்கனவே எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யில் இருக்கிற கிளப் ஒன்றோடு சேர்ந்து நடத்துங்கள். கோவை, சென்னை, பெங்களூரு மூன்றும் எட்டும் தூரம்தான். அவர்கள் அமைப்பாளர், நீங்கள் புரமோட்டர். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கவேண்டும்: பெர்மிட் யார் பெயரில், அபராதம் விழுந்தால் யார் கட்டுவது, பந்தயத்தின் பெயர் யாருடையது. மூன்றாவதை நாங்கள் எழுத மறந்தோம். இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்: பதிவுச் சான்று, பான், வங்கிக் கணக்கு, நிலத்தின் ஒப்புதல் கடிதம், டிராக் வரைபடம், துணை விதிகள். இந்தத் துணை விதிகள்தான் உங்கள் பந்தயத்தின் சட்டப் புத்தகம். எந்த வகுப்பு, எத்தனை சிசி, எத்தனை லேப், நுழைவுக் கட்டணம், பரிசு, புகார் கொடுக்கும் முறை எல்லாம் அதில் வரும். பழைய பந்தயத்தின் விதிகளை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றாதீர்கள். எங்கள் முதல் வரைவில் ஓர் இடத்தில் 'கடற்கரை நுழைவாயில்' என்று இருந்தது. சேலத்தில்.

அடுத்த ஆண்டின் காலண்டர் முந்தைய ஆண்டிலேயே எழுதப்பட்டுவிடும். பிப்ரவரியில் பந்தயம் என்றால் அதற்கு முந்தைய கோடையிலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

3. தேதி

சேலத்துக்கு ஒரே ஜன்னல்: ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி நடு வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து. மார்ச்சில் பொதுத்தேர்வு, மைக் வைக்கவே யோசிப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை நாலு மணிக்கு மேல் கோடை மழை சொல்லாமல் வரும். மேயில் ஏற்காடு கோடை விழா வேறு. அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை வண்டி நகராது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊரே அங்கேதான் இருக்கும்.

தேர்தல் ஆண்டா என்று பாருங்கள். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் எல்லா மனுவும் நின்றுவிடும்.

4. நிலம்

'ஏற்காட்டில் வைத்தால் என்னங்க, சும்மா ஜில்லுனு இருக்குமே?' எங்களிடம் இதைக் கேட்காதவர் கிடையாது. வேண்டாம். மலைக் கிராமங்களில் மண்ணை வெட்டிக் குவிப்பதற்கு மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் குறுக்கே வரும். காப்பித் தோட்டத்துக்கு நடுவே சமதளம் கிடைப்பது அரிது. டிப்பர் 271 முறை 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கவேண்டும். எல்லாவற்றையும்விட, அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அதே 20 வளைவில் இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்கு வரவேண்டும். இந்த ஒரு காரணமே போதும். ரைடர்களுக்கு அறை போடுவதற்கு ஏற்காடு அருமை. ஆனால் விடிகாலையில் இறங்கச் சொல்லாதீர்கள், காட்டெருமை ரோட்டில் நிற்கும்.

அடுத்த ஆசை ஸ்டேடியம். புல்லும் ஓடுதளமும் போட்ட மைதானத்தில் மூவாயிரம் கன மீட்டர் மண் கொட்ட எந்த அலுவலரும் கையெழுத்துப் போடமாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போடமாட்டேன்.

எங்களுக்கு அமைந்தது பைபாஸை ஒட்டிய ஏழு ஏக்கர் பட்டா நிலம்; நிலக்கடலை எடுத்து முடித்த தரிசு. டிராக்குக்கு இரண்டரை ஏக்கர் போதும். மீதி பார்க்கிங், பேடாக் (டீம்கள் பைக்கோடு இருக்கும் இடம்), ஆம்புலன்ஸ் வழி. பார்க்கவேண்டியவை இவை.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று. பட்டாவில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் நிலத்தில் ஒரு பங்காளி திருப்பூரில் இருந்தார். அவர் கையெழுத்துக்கு 19 நாள்.

கிணறு. பம்புசெட் கிணறாக இருந்தாலும் தூர்ந்துபோன கிணறாக இருந்தாலும் சுற்றி ஆள் உயரத் தடுப்பு இல்லாமல் நிலத்தை எடுக்காதீர்கள். மூடாத போர்வெல் குழி இருக்கிறதா என்று உரிமையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதாது, வயலை நடந்து பாருங்கள்.

தலைக்கு மேலே மின்கம்பி. பைக் பறக்கும் உயரத்தோடு டிப்பர் தொட்டியைத் தூக்கும் உயரத்தையும் கணக்கில் வையுங்கள்.

100 மீட்டருக்குள் பள்ளியோ மருத்துவமனையோ இருந்தால் அது அமைதி மண்டலம். வேறு நிலம் தேடுங்கள்.

திசை. பிப்ரவரி மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பெரிய ஜம்ப் மேற்கு பார்த்து இருக்கக்கூடாது. வடக்கு தெற்காகப் போடுங்கள்.

வாடகை 12 நாளுக்கு ரூ.2 லட்சம். டிராக் கட்ட 6 நாள், பயிற்சியும் பந்தயமும் 2 நாள், மண்ணை அள்ள 4 நாள். ஒப்பந்தத்தில் 'பழைய நிலைக்குத் திருப்பித் தருவோம்' என்ற வரி இருக்கும். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

5. மண்

கணக்கு இது. ஓட்டம் 500 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். மேடு பள்ளம் எல்லாம் சேர்த்துச் சராசரி ஒரு மீட்டர் உயரம். 3,000 கன மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். ஆக 1,060 யூனிட். ஆனால் லோடில் வருவது உதிரி மண். ரோலர் ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு உட்கார்ந்துவிடும். அதையும் சேர்த்தால் 1,300 யூனிட்டுக்கு மேல். பத்துச் சக்கர டிப்பரில் 5 யூனிட் என்றால் 260, 270 லோடு. நாங்கள் முதலில் போட்ட கணக்கு 90 லோடு. உட்காரும் மண்ணையும் வளைவுகளின் கரையையும் மறந்து போட்டது.

எந்த மண்? செம்மண் மட்டும் போட்டால் இரண்டாவது ஹீட்டிலேயே (தகுதி ஓட்டத்திலேயே) பொடிந்துவிடும். களி மட்டும் போட்டால் தண்ணீர் பட்டதும் டயரில் அப்பும், காய்ந்ததும் வெடிக்கும். இரண்டும் கலந்தது வேண்டும். சோதனை எளிது: ஈர மண்ணைக் கையில் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். தூளாகச் சிதறினால் மணல் அதிகம். அப்படியே சப்பையானால் களி அதிகம். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் வாங்கலாம்.

கிராவல் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். 450 சிசி பைக்கின் பின் டயர் கிளப்புகிற கல் பின்னால் வருகிறவனின் நெஞ்சில்தான் அடிக்கும். செட்டிச்சாவடிப் பக்கத்து மண்ணில் வெள்ளைக்கல் துண்டு கலந்திருக்கும், பார்த்து எடுங்கள். எங்களுக்கு 11 லோடைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது.

இனிப் பெரிய பொறி. 'ஏரி வண்டல்தானே, சும்மாவே கிடைக்கும், தாசில்தார் அனுமதி போதும்' என்பார்கள். அந்தச் சலுகை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வீட்டுத் தேவைக்கும் கொடுத்தது. பந்தய டிராக்குக்குப் போட்டால் அது கனிமத் திருட்டு வழக்கு, லாரி பறிமுதல். கனிமவளத் துறை அனுமதி பெற்ற குவாரியில் பணம் கட்டி எடுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு வாங்குங்கள். சீட்டில் உள்ள நேரம் தாண்டி லாரி ரோட்டில் நின்றால் அதற்கும் பதில் சொல்லவேண்டும். பந்தயம் முடிந்து மண்ணை வெளியே கொண்டுபோகவும் தாள் வேண்டும் என்பது எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது.

கட்டுவதற்கு இரண்டு ஹிட்டாச்சி, ஒரு ஜேசிபி, ஒரு ரோலர், நாள் முழுக்க ஒரு தண்ணி லாரி. ஆபரேட்டரைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களிடம் வந்த பையன் ரோடு வேலையில் கில்லாடி. சுண்ணாம்புக் கோடு, மூங்கில் முளை, கயிறு எல்லாம் கட்டிக் கொடுத்தோம். சாயங்காலம் ஜம்பின் உச்சியை வாளியால் தடவித் தடவி, 'எப்படிங்ண்ணா, நச்சுனு முடிச்சிட்டேன்ல' என்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனைக்கு வந்த ரைடர் மேலே நடந்து போனார். உச்சியில் உள்ளங்கையை வைத்தார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு மண் மேல்நோக்கி உதடு மாதிரி வளைந்திருந்தது. பைக் அதில் ஏறினால் பின்சக்கரம் உதைத்து ஆளைத் தலைகீழாகத் தள்ளிவிடுமாம். அந்த ஒரு சாணைச் சீவ இரண்டு மணி நேரம் ஆனது. பையன் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவனும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்டையும் கையால் தடவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான்.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, மூன்று மேட்டை ஒரே தாவலில் தாண்டுகிற ட்ரிபிள் ஜம்ப் கட்டாதீர்கள். 450 சிசி பைக் 20 மீட்டரைத் தாண்டும். நம் உள்ளூர்ப் பையன்கள் மாற்றிக் கட்டிய 150, 200 சிசியில் வருவார்கள், நடுவில் விழுவார்கள். நடுப்பள்ளத்தை நிரப்பி டேபிள் டாப் ஆக்கிவிட்டால், தூரம் எட்டாதவன் மேலேயே இறங்கிக்கொள்வான். வூப்ஸ் என்கிற, அடுத்தடுத்துச் சின்ன மேடுகள் வரும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுவழி விடுங்கள்.

தண்ணீரைப் பந்தயத்துக்கு முந்தின இரவு விடுங்கள். காலையில் விட்டால் மேலே வழுக்கும், உள்ளே தூசி. ஹீட்டுகளுக்கு நடுவே லேசாகத் தெளித்தால் போதும்.

6. கையெழுத்துகள்

யார் யாரிடம் என்பதற்கு முன் ஒன்று: நிலம் மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். எல்லைக்கு 200 மீட்டர் வெளியே இருந்த எங்கள் நிலத்துக்குத் தவறான இடத்தில் மனு கொடுத்து ஒன்பது நாள் போனது. தவறு எங்களுடையது.

மாவட்ட ஆட்சியருக்கு முதல் மனு. அதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது குறை மனுவாகப் பதிவாகி வேறு தடத்தில் போகும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கி, எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு மூன்று வாரம் காணாமல் போனது. முத்திரை போட்ட நகல் இருந்ததால் பிழைத்தோம்.

மனுவின் முதல் பத்தியிலேயே 'இது சுற்றிலும் வேலி போட்ட தனியார் பட்டா நிலத்தில் நடப்பது, பொதுச்சாலையில் அல்ல' என்று எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189: மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் நடத்தினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம். மறுபடி செய்தால் ஒரு வருடம், ரூ.10,000. பைக் ரேஸ் என்றாலே நாலு ரோட்டில் வீலிங் விடும் பையன்கள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருவார்கள். பேசப் போகும்போது டிராக் வரைபடத்தையும் ஒரு போட்டோ ஆல்பத்தையும் கொண்டுபோங்கள். வாயால் விளக்கியதைவிட அந்த ஆல்பம் எங்களுக்கு அதிகம் வேலை செய்தது. பந்தய பைக்குகளுக்குப் பதிவெண் கிடையாது, ரோட்டில் ஓட்டக்கூடாது. எல்லாம் பிக்கப்பில்தான் வரும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பிறகு: ஊராட்சித் தீர்மானம், கேலரி உறுதித்தன்மைக்குப் பொதுப்பணித் துறைச் சான்று, தீயணைப்புத் துறை, ஜெனரேட்டருக்கு மின் ஆய்வு, சுகாதாரம், சாப்பாட்டுக் கடைகளின் உணவுப் பாதுகாப்புப் பதிவு, பாட்டுப் போடுவதற்கு பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். உரிமம், பொதுமக்கள் கூடும் இடத்துக்கான உரிமம். ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது.

இங்கேதான் சக்கரம் சுற்றும். கேலரி நின்றால்தான் உறுதிச் சான்று. அந்தச் சான்று இருந்தால்தான் தீயணைப்பு. தீயணைப்பு இருந்தால்தான் காவல்துறை. காவல்துறை அனுமதி இல்லாமல் கேலரி கட்ட மாட்டேன் என்பார் ஒப்பந்ததாரர். இதை அவிழ்க்க ஒரே வழி: 60 நாள் முன்பே 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு கொள்கை அளவிலான கடிதம் வாங்குவது. அதைக் காட்டி வேலையைத் தொடங்கி, பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாத் துறையையும் ஒரே பகலில் வரவழைத்து இறுதி ஆய்வு. ஒரே பகல் என்பது முக்கியம். அன்றைக்குத் தட்டுவடை செட்டும் டீயும் தாராளமாக இருக்கட்டும், வெயிலில் நிற்கிறார்கள்.

கடைசி நேரச் சான்று என்றால் எவ்வளவு கடைசி என்று தெரியவேண்டுமா? 2024 ஆகஸ்ட் 31-இல் சென்னைத் தீவுத்திடல் சாலைகளில் ஃபார்முலா 4 நடந்தபோது, மழையால் டிராக் சான்று தாமதமாகி, அன்றைக்கே உயர் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டார்கள். அவர்கள் பின்னால் அரசே இருந்தது.

ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது. விளக்கு போட்டு இரவுப் பந்தயம் என்ற ஆசையை முதல் வருடம் விட்டுவிடுங்கள். மதியம் இரண்டு முதல் ஆறு வரை போதும்.

7. ஆம்புலன்ஸ், தடுப்பு, இன்ஷூரன்ஸ்

ஆம்புலன்ஸ் இரண்டு என்பது மூன்று. ஒன்று கிளம்பினால், அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்வரை பந்தயம் நிற்கவேண்டும். இரண்டு மட்டும் வைத்த ஊர்களில் நாளே நின்றுபோயிருக்கிறது. 108-ஐப் பந்தயத்துக்கென்று நிறுத்தி வைக்க முடியாது. தகவல் மட்டும் கொடுக்கலாம். வென்டிலேட்டர் உள்ள தனியார் வண்டிகளை எடுங்கள். எலும்பு மருத்துவர் ஒருவர், மயக்க மருத்துவர் ஒருவர் மைதானத்தில். மருத்துவமனைக்குப் போகும் வழியை முந்தின நாள் அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து ரோடு வழியாக 11 நிமிடம் என்று மேப் சொன்னது எங்களுக்கு 26 நிமிடம் ஆனது. வழியை மாற்றினோம்.

தியத்தலாவையைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள். இலங்கையில் 2024 ஏப்ரல் 21-இல் ஃபாக்ஸ்ஹில் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். எங்களிடம் வந்த இலங்கை ரைடர்கள் டிராக்கைப் பார்க்கும் முன் வேலியைத்தான் நடந்து பார்த்தார்கள். நேர் ஓட்டம் முடியும் இடத்திலும் வளைவின் வெளிப்பக்கத்திலும் ஒரு ஆளைக்கூட நிறுத்தாதீர்கள். வேலி இரட்டையாக இருக்கவேண்டும். நடுவில் கொடி காட்டும் பந்தயப் பணியாளர்களான மார்ஷல்கள் மட்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர் எவர் வந்து 'நான் இங்கே நிற்கிறேன்' என்றாலும் கூடாதுதான்.

வைக்கோல் கட்டுகளைத் தடுப்பாக அடுக்கினோம். சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் காய்ந்த வைக்கோல். தீயணைப்பு அலுவலர் பார்த்த மாத்திரத்தில் எடுக்கச் சொன்னார். சரிதானே. ஜவ்வரிசி மில்லில் பழைய சாக்கு வாங்கித் தென்னை நார்க்கழிவை நிரப்பி, தண்ணீர் தெளித்து அடுக்கினோம். வைக்கோலைவிட மலிவாகவும் முடிந்தது.

பெட்ரோல்: விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டருக்கு மேல் உரிமம் இல்லாமல் சேர்த்து வைக்கக்கூடாது. பேடாக்கில் 38 டீமும் கேன் கேனாக வைத்திருந்தால் கூட்டிப் பாருங்கள்.

ரைடர்களின் லைசென்ஸோடு வரும் காப்பீடு ரைடர்களுக்கு மட்டும். பார்வையாளர்களுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனி. பாலிசியில் 'மோட்டார் பந்தயம் நீங்கலாக' என்ற வரி இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எங்களுக்கு முதலில் வந்த கோட்டேஷனில் இருந்தது. அந்த பாலிசியை வாங்கியிருந்தால் தாளுக்குத்தான் காப்பீடு.

8. வெளிநாட்டு ரைடர்

சுற்றுலா விசாவில் வரச் சொல்லாதீர்கள். ஃபெடரேஷன் கடிதம், அவர்கள் நாட்டு அமைப்பின் பங்கேற்பு அனுமதி, உங்கள் அழைப்புக் கடிதம் மூன்றையும் வைத்து ஆறு வாரத்துக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். தங்கும் ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் வந்த விவரத்தைப் பதியவேண்டும். சின்ன லாட்ஜ்களுக்கு இது தெரியாது. கேட்டுவிட்டு அறை போடுங்கள்.

பைக்கை அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவர கார்னெட் (சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவர உதவும் தாள்), சுங்க முகவர், திருப்பி அனுப்பும் கெடு என்று ஒரு தனி உலகமே உண்டு. முதல் வருடம் அதில் இறங்கவேண்டாம். கேடிஎம், கவாசாகி பைக்குகள் இங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஹெல்மெட், பூட், தனக்குப் பழகிய ஹேண்டில்பார் இவற்றை ரைடர் கொண்டுவந்தால் போதும்.

இந்தியாவில் வசிக்காத வெளிநாட்டு விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் பரிசுக்கும் வருகைத் தொகைக்கும் 20 சதவீத வரியும் செஸ்ஸும் பிடிக்கவேண்டும். ஆடிட்டர் சான்று இல்லாமல் வங்கி பணத்தை வெளியே அனுப்பாது. 'கையில் ஒரு லட்சம்' என்று வாட்ஸ்அப்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். வரி என் தலையில் விழுந்தது. 'வரி உட்பட' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

9. பணம்

எங்கள் செலவு லட்சத்தில்: மண் 16.8, இயந்திரம் 5.4, மண்ணை அகற்ற 4.1, கேலரியும் வேலியும் 9, நில வாடகை 2, மருத்துவம் 1.6, காப்பீடு 1.9, பந்தய அதிகாரிகளின் பயணமும் தங்கலும் 3.5, பைக்கில் மாட்டி லேப் நேரம் அளக்கும் டிரான்ஸ்பாண்டர் டைமிங் 2.2, பரிசு 6, வெளிநாட்டு ரைடர்கள் 4.8, ஜெனரேட்டரும் ஒலியும் 2.4, அரசுக் கட்டணங்கள் 1.7. மொத்தம் 61.4. டிக்கெட்டில் 9.3, கடைகளில் 1.2, ஸ்பான்சரில் 31 வந்தது. துண்டு விழுந்தது 19.9 லட்சம், மூன்று பேர் பங்கு.

டிக்கெட்டை ரூ.300 வைத்தோம். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டி என்றால் ரூ.500 வரை ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு மேல் 18 சதவீதம். ஐ.பி.எல். மாதிரி லீக் என்று கணக்கில் வந்தால் 2025 செப்டம்பரிலிருந்து 40. உங்கள் பந்தயம் எந்தப் பக்கம் விழும் என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி.

ஸ்பான்சரிடம் பாதிப் பணமாவது மண் கொட்டும் முன் கைக்கு வரவேண்டும். பந்தயம் முடிந்த பிறகு தருகிறேன் என்ற ஒருவர் இப்போதும் போனை எடுக்கிறார், அதுவரைக்கும் சந்தோஷம்.

செலவைக் குறைக்க ஒரே இடம் மண்தான். பக்கத்தில் தாழ்வான இடத்தில் மனைப்பிரிவு போடுகிறவரை முன்னாலேயே பிடித்து, பந்தயம் முடிந்ததும் அவரே தன் லாரியில் அள்ளிக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பாதி மண்தான் அப்படிப் போனது.

10. மறுநாள்

முடிவுகளை எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கு அனுப்பவேண்டும். விபத்து அறிக்கை, சின்னக் கை முறிவாக இருந்தாலும், எழுத்தில். பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். பிப்ரவரிப் பந்தயத்துக்கு மார்ச் 7. கேலரிக்காரரின் முன்பணம், ஊராட்சியில் கட்டிய துப்புரவு வைப்புத்தொகை இரண்டையும் அந்த வாரத்திலேயே கேளுங்கள். தாமதித்தால் ரசீது கேட்பார்கள்.

நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளரை வைத்துக்கொண்டு வீடியோ எடுங்கள். எங்கள் நிலத்துக்காரர் கடைசி நாள் வந்து, கிழக்கு ஓரத்து டேபிள் டாப்பை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னார். ஆடு மேய்க்கிற பையன்கள் காலையிலிருந்து சைக்கிளில் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் 'பழைய நிலைக்கு' என்று இருந்ததால், மேட்டை விடச் சொன்னது அவரே என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.